பிக்கப்புல எத்தனை மூட்டை மணல் போட்டா ஐஸ் ரோட்டுல நிக்கும்?

கேள்வி: அண்ணே, டெலிவரி வேலைக்குன்னு ஒரு பழைய சின்ன பிக்கப் வாங்கியிருக்கேன். பின் வீல் டிரைவ், மேனுவல் கியர். எனக்கு இது முதல் பனிக்காலம். ரெண்டு நாளா வளைவுல திரும்புறப்ப பின்பக்கம் மட்டும் தனியா கழண்டு போற மாதிரி போகுது, ஒரு தடவை ரோட்டுக்கு குறுக்கவே நின்னுட்டேன். கூட வேலை செய்றவர் டெயில்கேட் (தொட்டியோட பின்கதவு) ஓரமா 300 கிலோ மணல் போடுன்னு சொல்றார். டயர் கடையில பின்னாடி ரெண்டுக்கு மட்டும் விண்டர் டயர் போதும்ங்கிறாங்க. வண்டி முடிச்சு குடுத்த புரோக்கர், இதை தள்ளிட்டு ஃபோர் பை ஃபோர் எடுன்னு தினமும் போன் பண்றார். எவ்வளவு வெயிட் போட்டா வண்டி நிக்கும்?

பதில்: தம்பி, நீங்க கேட்ட கடைசி வார்த்தையிலதான் சிக்கலே இருக்கு. வெயிட் போட்டா வண்டி கிளம்பும், மேடு ஏறும், பின்பக்கம் அலையறது கொஞ்சம் குறையும். ஆனா நிக்காது. எடை கூடுனா டயர் ரோட்டை அழுத்துறதும் கூடும், நிறுத்த வேண்டிய பாரமும் அதே அளவுக்கு கூடும், ரெண்டும் சரிக்கு சரி ஆயிடும். நிறுத்துறது டயரோட ரப்பர், அதுக்கப்புறம் உங்க வலது கால். மணலுக்கு அந்த வேலை தெரியாது.

ஒரு கணக்கு சொல்றேன், பயந்துடாதீங்க. காய்ஞ்ச தார் ரோட்டுல 50 கிலோமீட்டர் வேகத்துல போய் பிரேக் அடிச்சா சுமார் 14 மீட்டர்ல வண்டி நின்னுடும். அதே வேகம், சாதா டயர், கண்ணாடி மாதிரி ஐஸ்னா கிட்டத்தட்ட 100 மீட்டர் போகும். இதுல நீங்க பாத்து சுதாரிச்சு காலை பிரேக்குல வைக்கிற நேரத்துக்கு போற தூரம் சேரல. அந்த 100 மீட்டர்ல நீங்க சாமிய கும்பிடலாம், வேற ஒண்ணும் பண்ண முடியாது. இன்னொண்ணு, நிறைய பேர் மைனஸ் 20-தான் ஆபத்துன்னு நினைக்கிறாங்க, உண்மையில ஜீரோவை ஒட்டி இருக்கிற ஐஸ்தான் மோசம், மேல மெல்லிசா தண்ணி படிஞ்சிருக்கும், சோப்பு தடவுன தரை மாதிரி. நல்லா இறுகி உறைஞ்ச ஐஸ்ல அதைவிட பிடி கிடைக்கும்.

சரி, உங்க பின்பக்கம் ஏன் போகுது? காலியா இருக்கிற பிக்கப்புல எஞ்சின், கேபின், நீங்க எல்லாம் முன்னாடி, பின்னாடி வெறும் தகரத் தொட்டி. எடையில பாதிக்கு மேல முன் வீல்லயே உக்காந்திருக்கு. ஆனா தள்ளுற வேலை பின் வீலுக்கு. லேசான வீலை வெச்சு வண்டியை தள்ளுறீங்க, வளைவுல ஆக்சிலரேட்டரை கொஞ்சம் மிதிச்சா போதும், அது சுத்தி வழுக்கி பக்கவாட்டுல போயிடும். இதோட இன்னொரு பொறியும் இருக்கு, இதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. "ஐஸ்ல பிரேக் போடாதே, எஞ்சின் பிரேக் யூஸ் பண்ணு"ன்னு, அதாவது கியரைக் குறைச்சு எஞ்சினை வெச்சே வேகத்தைக் குறைன்னு, எல்லாரும் மந்திரம் மாதிரி ஓதுவாங்க. பின் வீல் வண்டியில எஞ்சின் பிரேக் வேலை செய்றது பின் வீல்ல மட்டும்தான். வளைவுக்கு முன்னாடி நாலாவதுல இருந்து ரெண்டாவதுக்கு போட்டு கிளட்சை பட்டுன்னு விட்டீங்கன்னா அது ஹேண்ட்பிரேக்கை இழுத்ததுக்கு சமம். நீங்க ரோட்டுக்கு குறுக்க நின்ன அன்னைக்கு கியர் குறைச்சீங்களான்னு யோசிச்சுப் பாருங்க, நான் பந்தயம் கட்டுவேன். கியர் குறைக்கணும்னா நேர் ரோட்டுலயே, வளைவு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, ஒவ்வொண்ணா குறைச்சு, கிளட்சை மெதுவா விடுங்க.

இப்ப மணலுக்கு வருவோம். டெயில்கேட் ஓரமா போடச் சொன்னவர் நல்ல மனசோட சொல்லியிருப்பார், ஆனா தப்பு. சிறுசுங்க விளையாடுற ஏத்தப்பலகை தெரியும்ல, அதேதான். முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல 3 மீட்டர்னு வெச்சுக்கோங்க. பின் ஆக்ஸில்ல இருந்து 1 மீட்டர் பின்னால தள்ளி 100 கிலோ வெச்சா பின் வீல்ல 133 கிலோ ஏறும், முன் வீல்ல இருந்து 33 கிலோ குறைஞ்சிடும். 300 கிலோ போட்டா முன்னாடி 100 கிலோ போச்சு. ஸ்டீயரிங் திருப்புறது முன் வீல், பிரேக்ல பெரும்பங்கு முன் வீல், அதைப் போய் தூக்கிவிட்டா என்ன ஆகும்? அதோட பின்னாடி அவ்வளவு தள்ளி தொங்குற பாரம், வண்டி ஒருதடவை சுத்த ஆரம்பிச்சா ஊஞ்சல் மாதிரி இன்னும் வேகமா இழுத்துட்டுப் போகும். தொட்டிக்குள்ள ரெண்டு பக்கமும் வீலுக்கு மேல மேடா புடைச்சிருக்கும் பாருங்க, அந்த ரெண்டு மேட்டுக்கும் நடுவுல போடுங்க, இல்ல அதுக்கு கொஞ்சம் முன்னாடி கேபின் பக்கமா. 100-ல இருந்து 150 கிலோ, சின்ன வண்டிக்கு அவ்வளவு போதும்.

கட்டிப் போடுங்க. இதை நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டவன். என்னோட முதல் பனிக்காலத்துல ஈரமான மணலை அப்படியே சாக்குல கட்டி தொட்டியில அடுக்கிட்டேன், ஒரே ராத்திரியில ஆறு மூட்டையும் ஒட்டி உறைஞ்சு ஒரே பாறாங்கல்லு ஆயிடுச்சு, காலையில ஒரு சிக்னல்ல கொஞ்சம் அழுத்தி பிரேக் போட்டதுக்கு அந்தக் கல்லு அப்படியே வழுக்கி வந்து கேபின் பின்சுவர்ல இடிச்சுது, என் முதுகுக்குப் பின்னாடி தகரம் உள்வாங்கி கண்ணாடியில குறுக்க விரிசல். அதுல இருந்து காய்ஞ்ச மணல், ரெட்டைப் பை, மேல ராட்செட் பெல்ட், இல்லாட்டி முன்னாடி நகராதபடி மரக்கட்டை குறுக்க வெச்சு அடைச்சிடுவேன். காய்ஞ்ச மணலுக்கு இன்னொரு லாபம், வண்டி மாட்டிகிட்டா பையை கிழிச்சு டயருக்கு முன்னாடி தூவலாம். சில பேர் தொட்டியில பனியை அள்ளி நிரப்பிடறாங்க, காசு மிச்சம்னு. உருகி உறைஞ்சு எப்ப எங்க நகரும்னு தெரியாத பாரம் அது, வேணாம்.

உங்க விஷயத்துல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை விளக்கமா சொல்லணும், ஏன்னா நீங்க ஓட்டுறது டெலிவரி. உங்க வண்டியில பாரம் காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. காலையில 400 கிலோ சரக்கு ஏத்துறீங்கன்னு வைங்க, அப்ப மணலே தேவையில்ல, சரக்கே மணல். அதுமேல 150 கிலோ மணலும் கிடந்தா வண்டி தாங்குற பாரத்தை தாண்டிடலாம். டிரைவர் பக்க கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், மொத்தம் எவ்வளவு எடை வரைக்கும்னு, அதுல மணலும் சேர்த்திதான், நீங்களும் சேர்த்திதான். மணலை "அது சும்மா வெயிட்டுக்கு"ன்னு கணக்குல சேர்க்காம விடறவங்கதான் ஜாஸ்தி. சரி, மணலை எடுத்துட்டு கிளம்புறீங்க. வீடு வீடா இறக்க இறக்க, முதல்ல இறக்க வேண்டியது டெயில்கேட் பக்கம் இருக்கும்னு பாத்தா அடுக்குனவன் அவன் வசதிக்கு அடுக்கியிருப்பான், கடைசியில கேபின் பக்கம் காலியாகி மிச்ச பாரம் எல்லாம் டெயில்கேட் ஓரத்துல நிக்கும். அதாவது நான் மேல திட்டுன அதே நிலைமை, நீங்களே உண்டாக்குனது. அதனால நாலஞ்சு இறக்கத்துக்கு ஒருதடவை மிச்சத்தை வீல் மேட்டுக்கு நடுவுல தள்ளி மறுபடி பெல்ட் போடுங்க. ரெண்டு நிமிஷம் ஆகும், மேனேஜர் கத்துவார், கத்தட்டும். அதுக்கப்புறம் சாயங்காலம். சரக்கு முடிஞ்சு தொட்டி காலி, பகல்ல உருகுன தண்ணி வெயில் இறங்கினதும் மறுபடி ஐஸாகுது, நீங்க சோர்ந்து போய் வீட்டுக்கு ஓட்டுறீங்க. நாள்லயே வண்டி லேசா இருக்கிற நேரமும் ரோடு மோசமா இருக்கிற நேரமும் ஒண்ணா சேருது. அந்த திரும்புற பயணத்துக்குத்தான் மணல். டிப்போவுல நாலு மூட்டை வெச்சுட்டு கடைசி ட்ரிப்புக்கு ஏத்திக்க முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா காலையில சரக்கை கொஞ்சம் குறைச்சு ஏத்திகிட்டு மணலை நிரந்தரமா வைங்க. ரெண்டும் முடியாதுன்னு டிப்போவுல சொன்னா, திரும்புறப்ப வேகத்தை பாதியாக்குங்க, லேட்டானா லேட்டு.

இப்ப டயர் கடைக்காரர். பின்னாடி ரெண்டு மட்டும் போட்டா பின்பக்கம் ரோட்டை பிடிச்சுக்கும், கிளம்புறது ஜோரா இருக்கும், உங்களுக்கு தைரியம் வந்துடும், அப்புறம் ஒரு சந்திப்புல பிரேக் போட்டா முன் வீல் வழுக்கிட்டு நேரா போகும், ஸ்டீயரிங் எவ்வளவு திருப்பினாலும் நேராத்தான். நாலும் போடணும். இதுல பேச்சுக்கே இடமில்ல. அவர் ஏன் ரெண்டு போதும்ங்கிறார்? அனேகமா உங்க சைஸ்ல ஸ்டாக் ரெண்டுதான் இருக்கும்!

அடுத்த பித்தலாட்டம் முத்திரையில. டயர் பக்கச்சுவர்ல "எம் ப்ளஸ் எஸ்"னு போட்டிருக்கும், சேறும் பனியும்னு அர்த்தம். அது கம்பெனிக்காரன் தானே போட்டுக்கிறது, எந்த பனிச் சோதனையும் பாஸ் பண்ணியிருக்க வேண்டியதில்ல, தடத்தோட டிசைனைப் பாத்து போடுற எழுத்து. இப்படி ஒரு முத்திரையை இத்தனை வருஷமா அனுமதிச்சு வெச்சிருக்காங்களே, அவங்களை ஒருநாள் அந்த டயரோட ஐஸ்ல இறக்கிவிடணும். நீங்க தேட வேண்டியது மூணு முகடு இருக்கிற மலை, அதுக்குள்ள ஒரு பனிப்பூ. அந்தப் படம் இருந்தா பனியில சோதிச்சு தேறின டயர். சுமார் 7 டிகிரிக்கு கீழ போனா சாதா டயர் ரப்பர் இறுகிடும், விண்டர் டயர் மெத்துன்னே இருக்கும், பெரிய வித்தியாசம் அதுலதான்.

"ஒரு சீசன்தான் ஓடினது"ன்னு செகண்ட் ஹேண்ட் செட் காட்டுவாங்க. பக்கச்சுவர்ல "டாட்"னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரிச்சது. அந்த நாலு எண்ணு சில சமயம் உள்பக்கச் சுவர்ல மட்டும் இருக்கும், கடைக்காரர் டயரை திருப்பிக் காட்ட யோசிச்சார்னா நீங்க நடையைக் கட்டுங்க. தடம் நல்லா ஆழமா பளபளன்னு இருக்கும், ஆனா ரப்பர் வயசாகி இறுகியிருக்கும், நகத்தால அழுத்திப் பாத்தாலே தெரியும். தடத்தோட ஆழம் 4 மில்லிமீட்டருக்கு கீழனா பனிக்கு ஆகாது. பல நாட்டு சட்டத்துல 1.6 மில்லிமீட்டர் இருந்தாலே பாஸ், வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்கு கொண்டு போனா ஓகேன்னு சீல் அடிச்சு அனுப்பிடுவாங்க, சீல் அடிச்சவர் வீட்டுக்கு பஸ்ல போயிடுவார், ஐஸ்ல ஓட்டப்போறது நீங்க. பிக்கப்புக்கு கார் டயரை தள்ளிவிடறதும் உண்டு, சைஸ் பொருந்திடும், ஆனா பாரம் தாங்கற எண்ணு குறைவா இருக்கும். கதவு ஸ்டிக்கர்ல என்ன எண்ணு போட்டிருக்கோ அதுக்கு குறையக் கூடாது.

காத்தை குறைச்சு ஓட்டுன்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. குளிரே உங்களுக்கு காத்தைக் குறைச்சிடும், 5, 6 டிகிரிக்கு சுமார் 1 பிஎஸ்ஐ. 20 டிகிரி ஷெட்டுக்குள்ள நிரப்பிட்டு மைனஸ் 10-ல வெளிய நின்னா 5 பிஎஸ்ஐ போயிருக்கும். காலையில ஓட்டுறதுக்கு முன்னாடி பாத்து ஏத்துங்க.

புரோக்கர் சொல்ற ஃபோர் பை ஃபோர்? நாலு வீலும் தள்ளும், கிளம்புறதுக்கு அருமை. நிறுத்துறதுக்கு எல்லா வண்டியிலயும் நாலு வீல்லயும் பிரேக் ஏற்கனவே இருக்கு, அதுல அவர் விக்கிறதுக்கு புதுசா ஒண்ணுமில்ல. பள்ளத்துல கவுந்து கிடக்கிற வண்டிங்களை எடுக்கப் போனா அதுல ஃபோர் பை ஃபோரை நான் நிறையவே பாத்திருக்கேன், கிளம்புறப்ப வழுக்கலையேன்னு நம்பி போனவங்க. அவருக்கு ரெண்டு பக்கமும் கமிஷன், உங்களுக்கு புதுக்கடன். அந்தக் காசுல பத்துல ஒரு பங்குக்கு நாலு நல்ல டயர் வந்துடும்.

பின்பக்கம் போக ஆரம்பிச்சா என்ன பண்றது: ஆக்சிலரேட்டரை விடுங்க, கிளட்சை மிதிங்க, பிரேக்கை தொடாதீங்க, எங்க போகணுமோ அந்தப் பக்கம் கண்ணை வெச்சு ஸ்டீயரிங்கை அங்க திருப்புங்க, வண்டி நேராகத் தொடங்கினதுமே ஸ்டீயரிங்கையும் நேராக்குங்க. இந்தக் கடைசி பாதியை விட்டுட்டாத்தான் மறுபக்கம் சுழட்டி அடிக்கும். முன் வீல் வழுக்கினா இன்னும் திருப்பாதீங்க, கொஞ்சம் நேராக்கி காலை எடுங்க, பிடி திரும்ப வரும். பழைய பிக்கப் சிலதுல ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப வீல் லாக் ஆகாம பாத்துக்கிற அமைப்பு) பின் வீலுக்கு மட்டும்தான் இருக்கும், சாவி போட்டதும் டேஷ்போர்டுல ஏபிஎஸ் லைட் எரிஞ்சு அணையுதேன்னு நம்பி முழுசா மிதிச்சா முன் வீல் லாக் ஆயிடும், உங்க மாடல் எதுன்னு மெக்கானிக்கிட்ட கேட்டு வைங்க. இதையெல்லாம் லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு முன்னாடியே சொல்லித் தந்திருக்கணும், பேரலல் பார்க்கிங்கை மட்டும் பத்து தடவை போடச் சொல்லுவாங்க.

பாலத்துக்கு கீழயும் காத்து அடிக்கிறதால பாலம்தான் முதல்ல உறையும். ரோடு ஈரமாத் தெரியுது, ஆனா முன்னாடி போற வண்டி டயர்ல இருந்து தண்ணி தெறிக்கல, உங்க டயர் சத்தம் திடீர்னு அடங்கிப் போச்சு, ஸ்டீயரிங் பஞ்சு மாதிரி ஆயிடுச்சுன்னா நீங்க பிளாக் ஐஸ் மேல, அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிசான ஐஸ் மேல இருக்கீங்க. அப்ப எதையும் செய்யாம இருக்கிறதுதான் செய்ய வேண்டியது.

வர்ற லீவு நாள்ல, ஆளில்லாத காலி பார்க்கிங் ஒண்ணுல, அனுமதி கேட்டுகிட்டு, 20 கிலோமீட்டர் வேகத்துல போய் ஒரு கோட்டுகிட்ட பிரேக் போடுங்க. காய்ஞ்ச தரையில ரெண்டு மீட்டர் சொச்சத்துல நிக்கும். ஐஸ்ல எங்க நிக்குதுன்னு இறங்கி நடந்தே அளங்க. ஒருதடவை மணல் இல்லாம, ஒருதடவை மணலோட. ரெண்டு தடவையும் எத்தனை அடி எடுத்து வெச்சீங்கன்னு எனக்கு எழுதுங்க.