ரீஜென்சி காலக் காதல் கதையில் கிறிஸ்துமஸ் மரம் வரலாமா?

1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்தில் நடக்கும் கதை என்றால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் 1800இல் விண்ட்சரில் ஒரு மரத்தை அலங்கரித்து வைத்தது உண்மைதான். ஆனால் அந்த ஜெர்மன் வழக்கம் அரச குடும்பத்தையும் சில பெரிய வீடுகளையும் தாண்டவில்லை. 1848இல் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது பரவலானது. அச்சடித்த வாழ்த்து அட்டை விற்பனைக்கு வந்ததும் 1843இல்தான்.

மரம் இல்லாவிட்டால் என்ன, காதல் கதைக்கு அதைவிட அருமையான மிசில்டோ என்ற ஒட்டுண்ணிச் செடி இருக்கிறதே! பசுந்தழைகளோடு அதைக் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அதன் கீழே நிற்கும் பெண்ணை முத்தமிடலாம். ஒவ்வொரு முத்தத்துக்கும் ஒரு வெள்ளைப் பழத்தைப் பறிக்க வேண்டும், பழம் தீர்ந்தால் முத்தமும் கிடையாது. மணமாகாத பெண் ஓர் ஆணோடு தனியாக நின்றாலே பேச்சு கிளம்பிய காலம் அது. கடைசிப் பழம் மிஞ்சியிருக்கும் மாலைப் பொழுதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

அப்புறம், கொண்டாட்டம் ஜனவரி 6 வரை நீளும். அதை முடித்துவைக்கும் பன்னிரண்டாம் இரவு விருந்தில் கேக் வெட்டி, சீட்டு எடுத்து, அதில் வந்த பாத்திரமாகவே இரவு முழுக்க நடிப்பார்கள். காதலைச் சொல்லத் தயங்கும் நாயகனை அங்கே பேசவையுங்கள்.