மயக்க மருந்து கொடுத்தால் வலி எங்கே போகிறது?

கேள்வி: அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும்) ஆபரேஷன். முழு மயக்கம் கொடுப்பார்களாம். உள்ளே வலி இருந்துகொண்டேதான் இருக்கும், எழுந்ததும் நமக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நினைத்தாலே பயமாக இருக்கிறது. உண்மையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அக்கா சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதற்காக ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கத்தி பட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகக் கிளம்பும் தகவல் ஒன்று, வலி என்று நாம் அனுபவிப்பது இன்னொன்று. நீங்கள் மயங்கிக் கிடந்தாலும் அந்தத் தகவல் தண்டுவடத்துக்குப் போகப் பார்க்கும். ஆனால் ‘ஐயோ, வலிக்கிறதே’ என்று உணர மூளையில் நினைவு விழித்திருக்க வேண்டும், அதைத்தான் முதலில் அணைத்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது புரோபோஃபால் என்ற மருந்து. தண்ணீரில் கரையாது என்பதால் சோயா எண்ணெயோடு கலந்து வைத்திருப்பார்கள், சிரிஞ்சில் பார்த்தால் அசல் பால்தான். கையில் போட்ட வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் வழியாக ஏறும்போது சுருக்கென்று எரியும், நிறையப் பேருக்கு அந்த எரிச்சல்தான் கடைசி ஞாபகம், ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். நரம்பணுக்களை அடக்கி வைக்க நம் மூளையிலேயே காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது, நரம்பணுவின் சுவரில் அது திறக்கும் கதவைப் புரோபோஃபால் வழக்கத்தைவிட அதிக நேரம் திறந்தே வைத்திருப்பதால் நரம்பணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. மூளையின் மின்னலைகள் பெரிதாகி, மெதுவாகிவிடும். காதில் விழும் சத்தம் மூளையின் கேட்கும் பகுதி வரை ஓரளவு போகும், அங்கிருந்து மற்ற பகுதிகளுக்குப் பரவாது. ஒரே வீட்டில் எல்லோரும் இருந்தும் யாரும் யாரோடும் பேசாமல் இருப்பது மாதிரி. தூங்குகிறவரைக் கிள்ளினால் எழுந்துவிடுவார், இதில் அப்படி எழ முடியாது.

சரி, நினைவே இல்லை என்றால் வலிக்கு எதற்குத் தனி மருந்து? உடம்பு சும்மா இருக்காது என்பதால்தான். தோலைக் கீறியதும் இதயத் துடிப்பு கூடும், பிபி எகிறும். அதனால் ஃபென்டனில் போன்ற, மார்ஃபின் வகை மருந்து கொடுத்து வலித் தகவலைத் தண்டுவடத்திலேயே பெருமளவு அடக்கிவிடுகிறார்கள். கண் விழிக்கும்போது வலி மொத்தமாக வந்து தாக்காமல் இருக்கவும் இது வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, உங்கள் பயத்துக்கு உண்மையான இடம் அதுதான். லேப்ராஸ்கோப்பிக்கு வயிற்றைக் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் உப்பவைப்பார்கள், அதற்குத் தசைகள் தளர வேண்டும் என்று அட்ராகூரியம் மாதிரி ஒன்றைப் போடுவார்கள். தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவிய க்யூராரே விஷத்தின் வழியில் வந்தது இந்த வகை. 1942-ல் கனடாவின் மான்ட்ரியாலில் ஹரால்டு கிரிஃபித் என்ற டாக்டர் க்யூராரேயை மயக்கத்தோடு சேர்த்துப் பயன்படுத்திக் காட்டினார். மூச்சுவிடும் தசைகளும் தளர்ந்துவிடும், அதனால்தான் தொண்டையில் டியூப் வைத்து மெஷினால் மூச்சு கொடுப்பது. இந்த மருந்துக்கு வலியைக் குறைக்கவோ நினைவை எடுக்கவோ தெரியாது. மயக்கம் குறைந்து, தசைத் தளர்ச்சி மட்டும் நீடித்தால் நோயாளி விழித்துக்கொண்டும் கையை அசைக்க முடியாமல் கிடக்கலாம். அபூர்வம்தான்: பிரிட்டனில் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டபோது, சுமார் 19,000 பேரில் ஒருவர் அப்படி நினைவு வந்ததாகச் சொல்லியிருந்தார். இதைத் தடுக்கத்தான் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முடியும்வரை உங்கள் தலைமாட்டிலேயே இருந்து, துடிப்பு, பிபி, மயக்கம் கலையாமலிருக்க மெஷின் மூச்சோடு கலந்து கொடுக்கும் மயக்க வாயு நீங்கள் வெளியே விடும் மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்பது வரை மானிட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் முந்தின நாள் பார்க்க வரும்போது எதையும் மறைக்காதீர்கள். ஆடும் பல், ஆஸ்துமா, பழைய ஆபரேஷனில் நடந்தது, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, எல்லாம். உங்கள் பயத்தையும் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம்.

கேள்வி: மயக்க மருந்து எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர்களுக்கே தெரியாதாமே?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. 1846 அக்டோபர் 16-ல் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் என்ற திரவத்தின் ஆவியை முகரக் கொடுத்து எல்லோர் முன்னிலையிலும் கழுத்துக் கட்டியை எடுக்க வைத்துவிட்டார், காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு மேயர், ஓவர்ட்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், எண்ணெயில் எந்த மருந்து அதிகம் கரைகிறதோ அதற்கு அவ்வளவு வீரியம் என்று கண்டுபிடிக்க, நரம்பணுவின் கொழுப்புச் சுவரில்தான் சூட்சுமம் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1984-ல் ஃபிராங்க்ஸ், லீப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் புரதத்தைக் கொழுப்பே இல்லாமல் பிரித்தெடுத்து அதில் மயக்க மருந்துகளைச் சேர்த்தார்கள். மனிதனை மயக்கும் அதே அளவில் அந்தப் புரதத்தின் ஒளியும் மங்கியது. அதற்கப்புறம் தேடல் கொழுப்பை விட்டுப் புரதத்தின் பக்கம் திரும்பியது, மேலே சொன்ன காபா கதவும் ஒரு புரதம்தான்.