கிட்டாரில் பழக எளிதான புரோகிரசிவ் மெட்டல் பாடல்கள் எவை?

மதுரையில் கிட்டார் கற்கும் நீங்கள் பவர் கார்டு (இரண்டே சுரங்கள் சேர்ந்த எளிய கார்டு) வரை வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். சரி, டூல் குழுவின் 'சோபர்' (1993) எடுங்கள். தடித்த கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் பவர் கார்டை ஒரே விரலில் அழுத்திவிடலாம். வேகமும் குறைவுதான்.

அப்புறம் அதே குழுவின் 'ஸ்கிசம்' (2001). தொடக்கத்தில் வருவது பேஸ் கிட்டார் வாசிப்பு, அதைக் கிட்டாரிலும் வாசிக்கலாம். 5/8, 7/8 என்ற தாள அளவுகள் (ஐந்தும் ஏழுமாக எண்ணுவது) மாறி மாறி வருவதுதான் பலரை மிரட்டும். மீனாட்சியம்மன் கோயில் தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் என்ன பயம்? ஐந்து என்றால் கண்ட சாபு, ஏழு என்றால் மிஸ்ர சாபு. 'தக தகிட, தகிட தகதிமி' என்று வாயால் சொல்லிக்கொண்டே மெதுவாக வாசியுங்கள். அழுத்தம் விழும் இடம் பாட்டில் கொஞ்சம் மாறும், ஆனால் எண்ணிக்கை தப்பாது.

டிஸ்டார்ஷன் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும் கருவி) இல்லையென்றால் ஓபெத் குழுவின் 'விண்டோபேன்' (2003) பாருங்கள், மென்மையான பாட்டு. ட்ரீம் தியேட்டர் குழுவின் பாடல்கள் வாசிக்கக் கடினம், அவற்றை இப்போதைக்குக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.