கிகாபிட் கார்டு போட்டும் 28-ஐத் தாண்டாத காப்பி வேகம்

வணக்கம். பழைய பென்டியம் 4 கணினியில் கிகாபிட் நெட்வொர்க் கார்டு போட்டும் ஃபைல் காப்பி நொடிக்கு 28 மெகாபைட்டிலேயே நிற்கிறது, டிஸ்க் ஏடிஏ-133 (நொடிக்கு 133 மெகாபைட் வரை தாங்கும் டிஸ்க் இணைப்பு, அதாவது இன்டர்ஃபேஸ்) என்பதால் கார்டுதான் பழுது என்கிறீர்கள். கார்டை மாற்ற அவசரப்படாதீர்கள்.

கணக்கு சரிதான். கிகாபிட் என்றால் 1000 மெகாபிட், எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். 133 அதைவிடப் பெரிது. ஆனால் 133 என்பது இன்டர்ஃபேஸின் உச்சவரம்பு மட்டுமே. அந்தக் காலத்து 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்க்குகளில் தொடர்ச்சியாகப் படித்தால் வருவது பெரும்பாலும் 50, 60-தான். 125 கனவை விட்டுவிடுங்கள்.

இருந்தாலும் 28 ரொம்பக் குறைவு. எனக்கு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் ரிப்பன் கேபிள் மேல்தான் சந்தேகம். அதில் 40 கம்பி, 80 கம்பி என்று இரண்டு வகை. இரண்டுக்கும் கனெக்டர் ஒரே மாதிரி 40 பின்தான், அதனால் எளிதில் ஏமாந்துபோவோம். 80 கம்பியில் கோடுகள் மிக நெருக்கமாக இருக்கும். மதர்போர்டு பக்க முனை வழக்கமாக நீலம். 40 கம்பி மாட்டியிருந்தால் போர்டு தானாகவே 33 மெகாபைட் நிலைக்கு இறங்கிவிடும். உங்கள் 28 அதோடு அப்படியே பொருந்துகிறது.

சந்தேகம் தீர, நெட்வொர்க் வேகத்தை மட்டும் அளக்கும் ஐபெர்ஃப் என்ற நிரலை ஓட்டிப் பாருங்கள், அது டிஸ்க்கைத் தொடாது. 400 மெகாபிட்டுக்கு மேல் காட்டினால் கார்டு நிரபராதி. அப்புறம், டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ கன்ட்ரோலரும் நெட்வொர்க் கார்டு போலவே மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் செருகிய தனி கார்டா? அப்படியென்றால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு கார்டும் பகிரும் 133 மெகாபைட் பிசிஐ பஸ்ஸில் (பொதுப் பாதையில்) இரண்டு முறை போகும். கேபிளை மாற்றினாலும் அந்த 133-ல் பாதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.