தேர்தலே நடக்கவில்லை, ஆனால் செக்கில் கையெழுத்து என்னுடையது: நான் மாட்டிக்கொள்வேனா?

கேள்வி: வணக்கம் சார். காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊருணியைத் தூர்வாரிக் கரையில் மரம் வைக்க வேண்டும் என்று 2013-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு செய்தோம். மொத்தம் 64 உறுப்பினர்கள். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, ஆரம்பத்திலிருந்தே பொருளாளர். தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பங்காளி, அண்ணன் முறை. அவரும் செயலாளரும் இன்றுவரை மாறவில்லை, தேர்தலும் நடந்ததில்லை. கேட்டால் 'அறக்கட்டளைக்கு ஏது தேர்தல்' என்கிறார். கூட்டம் என்றால் அவர் வீட்டுப் பட்டாலையில் பலகாரத் தட்டும் மினிட் புக்கும் ஒன்றாக வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம், தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்வார்கள். செக் புக்கிலும் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். தூர்வாரும் ஜேசிபி வேலை ஒவ்வொரு முறையும் செயலாளரின் மச்சினருக்குத்தான். வெட்டிய கருவேல மரம் விற்ற காசுக்குக் கணக்கு இல்லை. போன வருடம் மலேசியாவிலிருந்து ஓர் உறவினர் 4 லட்சம் அனுப்பினார். இப்போது கரையில் தலைவரின் அப்பா பெயரில் மண்டபம் கட்டப் போகிறார்களாம். நான் ராஜினாமா செய்தால் தப்பிக்கலாமா? இவர்களை மாற்ற வழி உண்டா?

பதில்: டீச்சர், வணக்கம். முதலில் ராஜினாமாவை நிறுத்தி வையுங்கள். இப்படி எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான், கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டால் கை கழுவிய மாதிரி என்று நினைக்கிறார்கள். ராஜினாமா நாளை நடப்பதிலிருந்துதான் உங்களை விலக்கும். நேற்று வரை போன ஒவ்வொரு செக்கிலும் உங்கள் கையெழுத்து அப்படியேதான் இருக்கப் போகிறது. அதோடு, பொருளாளராக இருக்கும்வரை பாஸ்புக்கையும் வவுச்சரையும் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது, வெளியே போன மறுநாள் அதே பீரோ உங்களுக்குத் திறக்காது. விலகுவதாக இருந்தால் கடைசியில் விலகுங்கள்.

தலைவர் சொல்லும் 'அறக்கட்டளைக்கு ஏது தேர்தல்' என்பது உங்கள் விஷயத்தில் நிற்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதிப் பதிந்த டிரஸ்ட் என்றால், பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால், ஒருவர் ஆயுள் முழுக்க அறங்காவலராக இருக்கலாம். உங்களுடையது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிந்த சங்கம். பெயர்ப் பலகையில் அறக்கட்டளை என்று எழுதியிருந்தாலும் சட்டம் இதுதான். அதன் 15-வது பிரிவு சொல்வது நேரடியாக இருக்கிறது: நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் கூட்டத்தில் பெரும்பான்மையால் நியமிக்க வேண்டும், பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அதே ஆட்களை மறுபடி நியமிக்கலாம், அதற்குத் தடை இல்லை, ஆனால் கூட்டம் நிஜமாகக் கூடி நியமிக்க வேண்டும். 2013-ல் வந்தவர் ஒரு கூட்டமும் கூட்டாமல் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறார் என்றால் 2016-லேயே அவர் காலம் முடிந்தது. கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உங்கள் காலமும் அன்றே முடிந்தது.

ஆனால் பதிவாளர் அலுவலகக் காகிதம் வேறு கதை சொல்லும். நிர்வாகிகள் மாறினாலும் மறுபடி வந்தாலும் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும், உங்கள் செயலாளர் அதைச் செய்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, 'பொதுக்குழு கூடியது, ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது' என்ற மினிட் நகலோடு. நீங்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போட்ட கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. அதனால் முதல் வேலை, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டிச் சங்கத்தின் கோப்பு முழுவதற்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள்: துணை விதிகள் (சங்கத்தின் சொந்த விதிமுறை, பைலா), எல்லாப் படிவம் 7, தாக்கலான வரவு செலவு, உறுப்பினர் பட்டியல். இதற்குத் தலைவரின் அனுமதி தேவையில்லை, சண்டையும் தேவையில்லை.

செக் விஷயம் இதைவிட அவசரம். கையெழுத்துப் போட்ட எத்தனை தாள் இன்னும் வெளியே இருக்கிறது என்று தெரியாவிட்டால், வங்கி ஸ்டேட்மென்டோடு செக் புக் எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள், வராத எண்கள் தெரிந்துவிடும். அந்த எண்களைக் குறித்துக் கிளை மேலாளருக்கு 'பணம் கொடுக்க வேண்டாம்' என்று எழுதி, நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இனி வவுச்சரும் தீர்மானமும் பார்க்காமல் செக்கில் கையெழுத்து இல்லை. ஒன்று கவனம்: 'நிர்வாகத்தில் தகராறு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பல வங்கிகள் கணக்கையே முடக்கிவிடும், கோர்ட் உத்தரவு கொண்டு வா என்று சொல்லிவிடும். சித்திரை வெயிலில் மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்குச் சம்பளம் நின்றால் கன்று வழக்கு முடியும்வரை காத்திருக்காது. குறிப்பிட்ட எண்களை மட்டும் நிறுத்துங்கள்.

மாட்டிக்கொள்வீர்களா என்று கேட்டீர்கள். சங்கத்தின் கடனுக்கு நிர்வாகி தன் சொந்தச் சொத்திலிருந்து கட்ட வேண்டிய நிலை சாதாரணமாக வராது. ஆனால் நம்பி ஒப்படைத்த பணத்தை வேறு வழியில் திருப்பினால் அது நம்பிக்கை மோசடி, 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் (ஐபிசி). தெரிந்தே செய்தவருக்குத்தான் தண்டனை, ஏமாந்து கையெழுத்துப் போட்டவருக்கு இல்லை என்பது சரிதான். நீங்கள் ஏமாந்தவர் என்பதை எதை வைத்துக் காட்டப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இத்தனை வருடத்தில் ஓர் எதிர்ப்புக் கடிதம்கூட இல்லையே! அதனால் இந்த வாரமே தலைவருக்கும் செயலாளருக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள். குற்றம் சாட்ட வேண்டாம். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்துகள், ஜேசிபி பில்கள், மரம் விற்ற தொகை, மலேசியப் பணம் இவற்றின் விவரத்தைப் பொருளாளர் என்ற முறையில் கேட்கிறேன், 15 நாளில் கொடுங்கள் என்று மட்டும் எழுதி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரூப்பில் போட்டால் மறுநாள் ஊரே இரண்டாகிவிடும்.

மச்சினருக்கு வேலை கொடுத்ததே குற்றம் என்று சொல்ல மாட்டேன். அவர் ஜேசிபி மற்றவர்களைவிடக் குறைந்த வாடகைக்கு வந்திருக்கலாம். செயலாளர் தன் உறவை மினிட்டில் பதியவில்லை, வேறு இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கவில்லை, தீர்மானத்தின்போது எழுந்து வெளியே போகவில்லை என்றால், தவறு அங்கேதான். நிர்வாகிக்கோ அவர் உறவினருக்கோ நியாயத்துக்கு மிஞ்சிய பலன் போனால் வருமான வரி விலக்கே ஆட்டம் காணும். இன்னொன்று, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அறப்பணிச் செலவாக வரித்துறை ஏற்காது. ஜேசிபிக்காரர்களுக்கு எப்படிப் பணம் கொடுப்பார்கள் என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும், அந்த வவுச்சர்களை முதலில் பாருங்கள்.

மரம் விற்ற காசில் உங்கள் சங்கத்துக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பாருங்கள், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு அது. முன்னோர் சொந்தக் காசில் வெட்டிச் செம்பூராங்கல் கட்டிய ஊருணியாக இருந்தாலும், பெரும்பாலும் அது 'ஊருணி புறம்போக்கு' என்றுதான் இருக்கும். அப்படியென்றால் அங்கே வளர்ந்த கருவேல மரமும், தோண்டிய மண்ணும் சங்கத்தின் சொத்தே இல்லை. சீமைக் கருவேலத்தை அழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது, அதற்காக வெட்டி லாரியில் ஏற்றி விற்றுவிட முடியாது. ஊராட்சியின் தீர்மானமோ ஏலமோ அனுமதியோ இருந்ததா என்று பாருங்கள். மண் எடுத்து வெளியே போயிருந்தால் கனிமவளச் சட்டமும் சேர்ந்து வரும்.

மண்டபம் கட்டும் யோசனைக்கும் இதே பதில்தான். 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலத்திலும் குளத்திலும் உள்ள ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொன்னது, நெடுநாளாக இருக்கிறோம், நிறையச் செலவழித்துவிட்டோம் என்ற சமாதானத்தையும் ஏற்கவில்லை. ஊருணியைக் காப்பாற்றப் பதிந்த சங்கமே கரையில் கான்கிரீட் போட்டால் அதன் நோக்க விதியே அதற்கு எதிராக நிற்கும். இதற்கு ஒரு பைசாவுக்கும் செக் போடாதீர்கள், எதிர்ப்பை மினிட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். தாசில்தாருக்கு ஒரு மனு போதும், அஸ்திவாரம் தோண்டும் முன்னால் கொடுத்தால்.

இப்போது மலேசியப் பணம். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கடல் கடந்து போனவர்கள் கோயிலுக்கும் ஊருணிக்கும் அனுப்பிய பணத்தில்தான் செட்டிநாட்டில் பாதி தருமம் நடந்திருக்கிறது, அதனால் யாருக்கும் இதில் தப்பு இருப்பதாகவே தோன்றாது. அனுப்பியவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினை இல்லை. மலேசியக் குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தாலும், நம் ரத்த சொந்தமே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ன் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில் மட்டும்தான் முதலில் வந்து விழ வேண்டும். காரைக்குடிக் கிளையில் நேராக வந்திருந்தால் அதுவே மீறல், தண்டனை ஐந்து வருடச் சிறை வரை போகலாம். பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள், மீதி இருந்தால் தொடாதீர்கள். இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரைப் பார்த்து, அமைச்சகத்திடம் நாமே போய்ச் சொல்லித் தொகை கட்டி முடித்துக்கொள்ளும் வழியைக் கேளுங்கள். அவர்கள் கண்டுபிடித்து வருவதற்குள் நாம் போவது வேறு, வந்த பிறகு போவது வேறு.

சரி, இவர்களை எப்படி மாற்றுவது? சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-வது பிரிவில் பதிவாளர் சங்கத்தின் அமைப்பையும் செயல்பாட்டையும் நிதி நிலையையும் விசாரிக்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் மனு கொடுக்க வேண்டும், 64 பேரில் 22 கையெழுத்து. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். உங்கள் பதிவேட்டில் இறந்தவர்கள் எத்தனை பேர், சந்தா கட்டாமல் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தீர்களா? இறந்தவர் பெயரும் கணக்கில் இருந்தால் உயிரோடு இருப்பவர்கள் கூடுதலாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் பட்டியலைத் துணை விதிகளோடு வைத்துச் சரிபார்த்துவிட்டு, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 30 பேரிடம் வாங்குங்கள், தலைவர் வீட்டிலிருந்து போன் போனதும் நாலைந்து பேர் பின்வாங்குவார்கள். 22 சேரவில்லை என்றாலும் கதவு மூடவில்லை. நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை கேட்கலாம், பதிவாளர் தானாகவே தொடங்கலாம், மாவட்ட ஆட்சியர் சொன்னாலும் தொடங்கலாம். சிவகங்கையில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனு சும்மா ஒப்புக்கு இல்லை, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நகல்களை இணைத்துக் கொடுத்தால்.

ஒரு எச்சரிக்கை. யார் உண்மையான தலைவர், எந்தத் தேர்தல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பதிவாளருக்கு இல்லை, அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை என்று சென்னை உயர் நீதிமன்றம் பல முறை சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் ஒரு பக்கம் கூட்டம் போட்டு, அவர்கள் ஒரு பக்கம் போட்டு, இரண்டு படிவம் 7 தாக்கல் செய்யும் வேலை மட்டும் வேண்டாம். அப்படிப் போன சங்கங்கள் பத்து வருடம் கோர்ட்டில் கிடக்கின்றன, ஊருணியில் மறுபடியும் கருவேலம் மண்டிவிடும். துணை விதியில் உள்ளபடி நோட்டீஸ் கொடுத்து ஒரே பொதுக்குழு, அதில் நிஜமான தேர்தல். தலைவர் கூட்ட மறுத்தால் அப்போது நீதிமன்றம் போய், நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கேளுங்கள்.

போலீஸுக்குப் போவதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, நல்லது. நகல்கள் கைக்கு வந்து, மரப் பணமும் ஜேசிபி பணமும் எவ்வளவு என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். பங்காளி உறவு கெடுமே என்று வீட்டுக்காரர் தயங்கினால் அது புரிகிறது, நேரில் போய் அண்ணனிடம் ஒரு முறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் கடிதம் தபாலில் போன பிறகு போகட்டும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சிவில் பார்க்கும் வக்கீலிடம் போகும்போது துணை விதி, படிவம் 7 நகல்கள், மூன்று வருட வங்கி ஸ்டேட்மென்ட், அ-பதிவேட்டு நகல், உங்கள் கடிதத்தின் ஒப்புகை இவ்வளவும் கையில் இருக்கட்டும். மினிட் புக் உங்கள் கைக்கு வந்தால் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிட்டு, புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.