ஹெராத்தில் வீட்டு விருந்து: கவரில் பணம் வைத்துக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: கூட்டுப் பெருங்காயம் தயாரிக்கும் சிறு தொழில் எங்களுடையது. மூலச் சரக்கு ஆப்கானிஸ்தானில் ஹெராத்திலிருந்து வருகிறது. அங்குள்ள வியாபாரி, நேரில் வந்தால் தன் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்கிறார். நான் சைவம். சாப்பிடாவிட்டால் அவமதிப்பாக நினைப்பார்களா? குடும்பப் பெரியவருக்கு 500 டாலர் கவரில் கொடுப்பது அங்கே வழக்கம், நானே கூட வந்து கொடுத்துவிடுகிறேன் என்று டெல்லி ஏஜெண்ட் சொல்கிறார். உண்மையா?

பதில்: முதலில் அந்தக் கவர். வேண்டவே வேண்டாம். விருந்துக்கு வந்தவரிடம் பணம் வாங்குவது ஆப்கானிய வீட்டுக்குத் தலைகுனிவு. கடன் வாங்கியாவது விருந்தாளிக்கு இறைச்சி சமைக்கிற ஊர் அது. அந்த 500 டாலர் பெரியவர் கைக்குப் போகாது, ஏஜெண்ட் பையில்தான் நிற்கும், தப்பித்தவறிப் பெரியவர் கைக்குப் போய்விட்டால் இன்னும் மோசம், வீட்டில் எல்லோருக்கும் உங்கள் மேல் வருத்தம். இந்தத் தரகர்கள் "அங்கே இதுதான் வழக்கம்" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். நமக்கு அங்கே யாரையும் தெரியாது, கேட்கக் கூச்சம், அதனால் கொடுத்துவிடுகிறோம். ஹெராத்காரர்களுக்குப் பாரசீகம்தான் வீட்டு மொழி, காபூல் அளவுக்கு இந்தி எடுபடாது என்பதும் இவர்களுக்கு வசதி. இந்தியாவில் படித்துத் திரும்பிய ஆப்கானியர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் வியாபாரியையே கேளுங்கள், மொழிபெயர்க்க உறவிலோ தெருவிலோ அப்படி ஒரு பையனைக் காட்டுவார். விலை பேசும்போது ஏஜெண்ட் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தால் இரண்டு பக்கமும் வெவ்வேறு விலைதான் போய்ச் சேரும்.

பயண அனுமதிக் கடிதம் விஷயத்திலும் இவர்கள் காசு பார்க்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு மாகாணத்துக்கு மாகாணம் தனிக் கடிதம், சோதனைச் சாவடிக்குச் சாவடி அதைக் காட்ட வேண்டும் என்று தாலிபான் அரசு வைத்திருக்கிறது, ஒரே நாட்டுக்குள் ஒரு மனிதன் எத்தனை முறைதான் தான் யார் என்று சொல்லிக்கொண்டே போவது? இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும் வரை தரகருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வியாபார விசாவில் போகிறவருக்கு என்ன தேவை என்பதை உங்களை அழைப்பவர் அங்கேயே விசாரித்துச் சொல்லட்டும்.

சரி, சாப்பாடு. சைவம் என்பது அவமதிப்பு இல்லை. கடைசி நேரத்தில் சொல்வதுதான் தப்பு, ஏனென்றால் அதற்குள் உங்களுக்காக ஆடு வெட்டியிருப்பார்கள். "இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று நினைத்திருப்பீர்கள், பலரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. காபுலி புலாவ் பார்க்கச் சைவம் போலவே இருக்கும், மேலே கேரட்டும் திராட்சையும் தூவியிருக்கும், இறைச்சி சோற்றுக்கு அடியில் புதைந்திருக்கும். அந்தச் சோறே இறைச்சி வேகவைத்த நீரில் வெந்ததுதான், ஒதுக்குவதற்கு ஒன்றுமில்லை. ஆஷக் என்று கொழுக்கட்டை மாதிரி ஒன்று, உள்ளே வெறும் கீரைதான், ஆனால் மேலே கைமா ஊற்றித்தான் வைப்பார்கள். கீரைக் குழம்பிலும் இறைச்சி கிடக்கலாம். அதனால் ஒரு வாரம் முன்பே போன் செய்து இறைச்சி, இறைச்சி வெந்த நீர், கொழுப்பு மூன்றும் ஆகாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். உங்களுக்குச் சரிப்படுவது சலாவ் என்கிற வெள்ளைச் சோறு, தயிர் ஊற்றிய கத்தரிக்காய் போரானி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்த போலானி ரொட்டி, அப்புறம் நான் ரொட்டி. ரொட்டி கீழே விழுந்தால் எடுத்து ஓரமாக மேலே வையுங்கள், கால் படக் கூடாது.

மற்றதெல்லாம் எளிது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, காட்டுகிற இடத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் கதவுக்குத் தொலைவாக இருக்கும், அதுதான் மரியாதையான இடம். வலது கையால் சாப்பிடுங்கள். கொஞ்சம் தேயிலை, ஏலக்காய் கொண்டுபோனால் போதும். வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள், உங்கள் முன்னால் பிரிக்கவில்லையே என்று நினைக்காதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் நிதானம். நீங்கள் விருந்தினர் அறையைத் தாண்டப் போவதில்லை, வீட்டுப் பெண்களை நீங்கள் பார்க்காமலே போகலாம். நண்பரின் மனைவி பெயரைக் கேட்காதீர்கள், "வீட்டில் எல்லோரும் நலமா" என்றால் போதும். அடையாள அட்டையில் தாய் பெயரைச் சேர்க்கும் சட்டத் திருத்தமே பெண்கள் போராடித்தான் 2020-ல் வந்தது. இன்னொன்று, சிறுமி யாராவது எட்டிப் பார்த்தால் "என்ன படிக்கிறாய்?" என்று நம் வாய் தானாகக் கேட்டுவிடும். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியை மூடிவைத்திருக்கிற நாட்டில் அந்தக் கேள்விக்கு அந்த அப்பா என்ன பதில் சொல்வார்? கேட்காதீர்கள். போட்டோவும் வேண்டாம், தாலிபானின் 2024 ஒழுக்கச் சட்டத்துக்குப் பிறகு உயிருள்ளவற்றின் படத்தை வெளியிட்டால் மாட்டப்போவது அவர்கள்தான்.

சாப்பாட்டு விரிப்பின் முன்னால் பெருங்காய விலையை எடுக்காதீர்கள். மறுநாள் கடையில் பேசுங்கள், அங்கே எவ்வளவு கறாராகப் பேசினாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடையிலிருந்து கிளம்பும்போது கொஞ்சம் குங்குமப்பூ கேட்டு வாங்கினால் "உங்களிடம் போய்க் காசா" என்பார்கள், அது உபசாரப் பேச்சு, இரண்டு மூன்று முறை வற்புறுத்திப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.