வானில் வசிப்பவருக்கு வந்த கடிதம்

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. வெள்ளவத்தையில் இருந்த போர்டிங் அறையை விட்டுவிட்டு, பழைய டொல்பின் வான் ஒன்றில் கட்டில் போட்டு ஒரு வருடமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளைப் பக்கம் பழைய வீடுகளில் வால்வ் ரேடியோ, தட்டச்சு இயந்திரம், பித்தளை விளக்கு வாங்கித் துடைத்து, பேஸ்புக்கில் ஒரு கடைப் பெயரில் விற்கிறேன். எந்த ஊரில் நிற்கிறேனோ அங்கிருந்தே கூரியரில் போடுவேன். மாதம் இரண்டு லட்சம் ரூபாய் வரை என் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. தெஹிவளை அம்மா ஒருவர் ஆறு வாரத்துக்கு முன் 18,500 ரூபாய்க்கு வாங்கிய ரேடியோ வேலை செய்யவில்லை என்றார். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று பேஜில் போட்டிருந்ததால் மறுத்துவிட்டேன். இப்போது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறது. கடிதத்தைப் பழைய போர்டிங் ஆன்ட்டி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்குக் கடையும் இல்லை, பதிவும் இல்லை. போகத்தான் வேண்டுமா? வரியும் கட்ட வேண்டுமா? கூரியர் நிறுவனம் ஒன்று எனக்குத் தரவேண்டிய 43,000 ரூபாயை மூன்று வாரமாக இழுத்தடிக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்? கனடாவில் இருக்கும் மச்சான் விளக்குகளை அங்கே அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா?

பதில்: தம்பி, போங்கள். கடிதம் உங்கள் கைக்கு வரவில்லை, ஆன்ட்டி கைக்குத்தான் வந்தது என்று நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் படம் பார்த்தாயிற்று, நீல டிக்கும் விழுந்தாயிற்று. ஒளிந்து விளையாட இடமில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில், பொருளை இன்னொருவருக்கு விற்கிறவரே வர்த்தகர். கடையும் பெயர்ப்பலகையும் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பது விதி; அந்த அம்மா ஆறு வாரத்துக்குள்ளேயே முறையிட்டுவிட்டார். விசாரித்துப் பார்த்து அவர் பக்கம் நியாயம் என்று கண்டால், காசைத் திருப்பிக் கொடு, பொருளை மாற்றிக் கொடு அல்லது நட்டஈடு கட்டு என்று சபை கட்டளையிடலாம். கட்டாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், அங்கே தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிடுவார்கள்.

'திரும்ப எடுக்கப்படாது' என்ற வரியைப் பெரிதாக நம்பியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். அந்த வரி பேஜின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ரேடியோ படத்துக்கு மேலே, கொட்டை எழுத்தில், 'சூப்பரா பாடும், கேட்டுப் பார்த்துத்தான் போடுறேன்'. தம்பி, உங்கள் வழக்கு அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. 1896இன் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும். பொதுவாகத் தரம் பற்றிய சில பொறுப்புகளை இருவரும் பேசி விலக்கிக்கொள்ளலாம், அது உண்மைதான். ஆனால் 'பாடும்' என்று வாயாலே சொல்லி விற்ற ஒன்றை, அடியில் எழுதிய வரியைக் காட்டி மறுக்க முடியாது. அதோடு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதும் பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்வதும் மேலே சொன்ன 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். வாட்ஸ்அப்பில் பேசியது சாட்சியாகுமா என்று யோசிக்க வேண்டாம். 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு அதுவும் சாட்சியாகும், அந்தக் கதை முடிந்துவிட்டது.

வழியில் கூரியர்காரன்தான் உடைத்தான் என்கிறீர்கள். கூரியரிடம் ஒப்படைத்தால் வாங்குபவரிடமே ஒப்படைத்ததுபோல என்று ஒரு விதி உண்டு. ஆனால் பொருளின் தன்மைக்கு ஏற்றபடி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்வது உங்கள் கடமை. கண்ணாடி வால்வ் ஐந்து உள்ள பெட்டியை ஒரு சுற்றுப் பத்திரிகைத் தாளில் கட்டி, மேலே கறுப்புப் பொலித்தீன் சுற்றியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தை விசாரணைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

ஆகவே இந்தக் கிழமையே கடிதத்தில் உள்ள இலக்கத்துக்குப் பேசி, வருவதாகச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்தத் தெஹிவளை அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, ரேடியோவை உங்கள் செலவில் திருப்பி எடுத்து, 18,500ஐயும் கொடுத்துவிடுங்கள். கொடுத்ததற்கு அவரிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளோடு வொக்ஸோல் வீதியில் இருக்கும் சபை அலுவலகத்துக்குப் போங்கள். இப்படி முடிந்த முறைப்பாடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பதிவு. உங்கள் சொந்த முழுப்பெயரில் விற்றால் வியாபாரப் பெயர் பதியத் தேவையில்லை. கடைப் பெயர் ஒன்று வைத்த அன்றே தேவை வந்துவிட்டது. பதியாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியப்போகிறது. 1918இன் வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டப்படி, பதியாமல் அந்தப் பெயரில் செய்த ஒப்பந்தத்தின் உரிமையை வழக்குப்போட்டு நிலைநாட்ட முடியாது; நீதிமன்றம் இரக்கப்பட்டு நிவாரணம் தந்தால்தான் உண்டு. கூரியரோடு கடைப் பெயரில்தானே கணக்குத் திறந்தீர்கள்? அந்த 43,000த்துக்கு வழக்கு என்று கடிதம் எழுதச் சொல்லி என்னைக் கேட்கிறீர்கள். எதிர்த் தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்பது உங்கள் பதிவுச் சான்றிதழைத்தான்.

வானின் நம்பர் பிளேட்டை விலாசமாகப் போட முடியாது. கொட்டாஞ்சேனையில் உங்கள் அம்மா வீடு இருக்கிறது என்றீர்களே, அதைப் போடுங்கள். அம்மாவின் சம்மதக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் எடுத்துக்கொண்டு அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்துக்குப் போனால் ஆகும். பிறகு நீங்கள் அறுகம்பேயில் நின்றாலும் எல்லயில் நின்றாலும் கடிதம் அம்மாவுக்கு வரும். ஆன்ட்டியை விட அம்மா சீக்கிரம் சொல்வார்.

வரி விஷயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாத வருமானம், வருடத்துக்கு 18 லட்சம். உங்களுக்கு வருவது வருடம் 24 லட்சம் வரை, ஆனால் அது இலாபம் இல்லை. பொருள் வாங்கிய காசு, கூரியர், வியாபாரத்துக்கு ஓடிய டீசல் கழிக்கலாம். கடலைப் பார்க்க ஓடிய டீசல் கழியாது, வானின் கட்டிலும் கழியாது. ஆச்சியிடம் விளக்கு வாங்கும்போது பில் இருக்காதுதான். ஒரு கொப்பியில் திகதி, ஊர், தொகை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று பின்னால் யாராவது வந்து நின்றாலும் அந்தக் கொப்பி உதவும். டின் எனப்படும் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லையென்றால் எடுங்கள். கணக்கு வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, வரி விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். வியாபாரத்துக்கு வேறு வங்கிக் கணக்கு ஒன்று திறந்தால், மச்சான் அனுப்பும் காசும் ரேடியோ விற்ற காசும் கலக்காது.

மச்சானிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பக்கூடிய பொருள் தொல்பொருள் என்கிறது நம் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. உங்கள் விளக்குகளில் முக்கால்வாசி அவ்வளவு பழையதாக இராது. ஆனால் பேஜில் '300 வருஷப் பழசு' என்று நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள். பிறகு விளக்குகளைத் தொல்பொருளியல் திணைக்களத்தில் காட்டி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பார்சல் கட்டலாம். கட்டும்போது பத்திரிகைத் தாள் வேண்டாம்.